ஒற்றைப் பலகைக் கணினி விழித்தெழுவது எங்ஙனம்?

தில்லி மாநகரின் தென்மேற்கே அமைந்துள்ள துவாரகாவில், 25ஆம் செக்டாரில், யசோபூமி என்னும் பெரும் மாநாட்டு மாளிகை உள்ளது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. விமான நிலைய விரைவு மெட்ரோப் பாதையும் அன்றே அதன் வாயில்வரை நீட்டிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அம்மாளிகையில் ‘செமிகான் இந்தியா’ மாநாடு தொடங்கியபோது, இந்தியாவில் ஆக்கப்பட்ட ‘விக்ரம்’ என்னும் 32 பிட் நுண்செயலி பிரதமரிடம் அளிக்கப்பட்டது. ஏவுகலங்களின் கடுஞ்சூழலைத் தாங்குமாறு திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியும் சேர்ந்து உருவாக்கிய செயலி அது.

நுண்செயலி ஒன்றை உருவாக்குதல் அரிய செயலே. எனினும் அதனைக் கையில் ஏந்தி நிற்கும் பொறியியலாளர் உள்ளத்தில் மற்றொரு வினா எழுதல் இயல்பு. இச்சில்லைப் பலகையில் பதித்து மின்னோட்டம் செலுத்தினால், முதல் நொடியில் அது செய்வது யாது? தன்னைச் சூழ்ந்துள்ள நினைவகம், கடிகாரம், தொடர் வாயில் முதலியன எங்கெங்கே உள்ளன என்பதை அஃது எவ்வாறு அறியும்? இவ்வினா விண்வெளிச் செயலிக்கு மட்டும் உரியதன்று. கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் மாணவர் மேசைகளிலும் இன்று பரவலாகக் காணப்படும் ஒற்றைப் பலகைக் கணினிகளுக்கும் உரியது. இக்கணினிகள் உயிர்பெறாமல் ஊமையாகக் கிடப்பதற்குக் காரணம் பல வேளைகளில் மின்னுறுப்புகளின் பழுதன்று. தொடக்கத்தில் ஓடும் நிரலுக்கும் பலகையை விவரிக்கும் ஏட்டிற்கும் இடையே நேர்ந்த பொருத்தமின்மையே. அப்பொருத்தமின்மை எங்ஙனம் தோன்றுகிறது, அதனைக் கண்டறிந்து களைவது எவ்வாறு என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

ஊர்க் கணக்கும் சாதன மரமும்

புதிதாகப் பணியேற்று ஒரு கிராமத்திற்கு வரும் அலுவலர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். எந்த நிலம் நஞ்சை, எது புஞ்சை, எக்கிணறு எந்தச் சர்வே எண்ணில் உள்ளது, எவ்வாய்க்கால் எவ்வயலுக்குப் பாய்கிறது என்பவற்றை அவர் ஊரைச் சுற்றி நடந்து அறிவதில்லை. கிராமக் கணக்கிலுள்ள அடங்கலைப் பிரித்துப் பார்த்தே அறிகிறார். அவ்வேடு சரியாக இருந்தால் வேலை தடையின்றி நடைபெறும். தவறுதலாக அண்டைக் கிராமத்து அடங்கல் அவர் கையில் கொடுக்கப்பட்டுவிட்டால் என்ன நேரும்? ஏட்டில் ஒரு குறையும் இராது. அலுவலரிடத்தும் குற்றம் இராது. ஆயினும் கிணறு இல்லாத இடத்தில் நீர் இறைக்க ஆள் அனுப்பப்படும்.

‘டிவைஸ் ட்ரீ’ எனப்படும் சாதன மரம் கணினிக்கு அமைந்த இத்தகைய அடங்கலாகும். மேசைக் கணினியில் யூஎஸ்பி, பிசிஐ போன்ற இணைப்புகளில் செருகப்படும் சாதனங்கள், ‘நான் இன்ன நிறுவனத்தின் இன்ன கருவி’ என்று வினவியவுடன் விடை கூறவல்லவை. ஒற்றைப் பலகைக் கணினியின் இதயமான சில்லுக்குள் புதைந்திருக்கும் உறுப்புகளோ தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும் ஆற்றல் அற்றவை. அவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட முகவரியில் அமைதியாகக் காத்திருக்கும். முகவரி அறிந்து அழைத்தால் மட்டுமே பணிபுரியும்.

எடுத்துக்காட்டாக, 2013ஆம் ஆண்டில் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்னும் பலகையைக் கொள்வோம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஏஎம்335எக்ஸ் குடும்பச் சில்லும் 512 மெகாபைட் நினைவகமும் கொண்டது இப்பலகை. இதன் சாதன மரத்தில் முதல் தொடர் வாயிலுக்கு உரிய பதிவில், அதன் தொடக்க முகவரி, அது எழுப்பும் குறுக்கீட்டின் எண் 72, அதன் கடிகாரம் நொடிக்கு 4,80,00,000 துடிப்பு என்பன போன்ற விவரங்கள் எழுதப்பட்டிருக்கும். இவற்றோடு, ‘கம்பாட்டிபிள்’ என்னும் தலைப்பின் கீழ் அவ்வுறுப்பின் குலப்பெயரும் இடம்பெறும். லினக்ஸின் கெர்னல் அப்பெயரைப் படித்து, தன்னிடமுள்ள இயக்கிகளுள் எது அப்பெயருக்கு உரியதோ அதனை அவ்வுறுப்பிற்கு அமர்த்துகிறது. பெயர் பொருந்தாவிடின் இயக்கி அமராது. உறுப்பு பலகையில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகிவிடும்.

இம்முறை தோன்றிய வரலாறு

சாதன மரம் என்னும் கருத்து புதியதன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்பூட் என்னும் தொடக்க நிரலில் வேரூன்றி, 1994ஆம் ஆண்டில் ஐஇஇஇ 1275 என்னும் தரமாக அது வகுக்கப்பட்டது. பின்னர், 2005ஆம் ஆண்டளவில், பவர்பிசி செயலிகளுக்கான லினக்ஸில் இம்மரத்தைத் தட்டையாக்கி, ஒரே கோப்பாகக் கெர்னலிடம் கையளிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

ஏஆர்எம் செயலிகளின் உலகிலோ அக்காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண் ஒதுக்கப்பட்டு, அதன் அமைப்பு முழுவதும் கெர்னலின் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டது. பலகைகள் பெருகப் பெருக, ஒன்றையொன்று ஒத்த நிரல்கள் குவிந்தன. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லினக்ஸின் தலைவரான லினஸ் டோர்வால்ட்ஸ் இக்குவியலைக் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் ஏஆர்எம் உலகம் விரைந்து சாதன மரத்திற்கு மாறியது. 2012ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 3.7 பதிப்பிலிருந்து, ஒரே கெர்னல் பல்வேறு நிறுவனங்களின் ஏஆர்எம் சில்லுகளில் ஓடுவது இயல்வதாயிற்று.

இம்மாற்றத்தால் பெரும் நன்மை விளைந்தது; கூடவே ஒரு புதிய பொறுப்பும் சேர்ந்தது. முன்னர் நிரலும் விவரமும் ஒரே உடலாக இருந்தமையால் அவை பிரிந்துபோக வழியில்லை. இப்போது அவை இரு கோப்புகள். இரண்டையும் எடுத்து வந்து சேர்த்து வைப்பது மூன்றாமவராகிய பூட்லோடரின் கடமை. மூவரும் ஒருவருக்கொருவர் இசைந்திருத்தல் வேண்டும். இசைவு குலைந்தால் பலகை எழாது.

விழித்தெழும் நான்கு படிகள்

பீகிள்போன் பிளாக் பலகையில் மின்னோட்டம் பாய்ந்தவுடன், முதலாவதாகச் சில்லுக்குள் அழியாதபடி பொறிக்கப்பட்ட சிறு நிரல் ஓடுகிறது. இதனை மாற்ற எவராலும் இயலாது. தொடக்க நிரல் எங்கே உள்ளது என்று அது வரிசையாகத் தேடும்: முதலில் பலகையில் பதிக்கப்பட்ட இஎம்எம்சி நினைவகம், அடுத்து மைக்ரோ எஸ்டி அட்டை, பின்னர் தொடர் வாயில், இறுதியில் யூஎஸ்பி.

இரண்டாவதாக, ‘எம்எல்ஓ’ என்னும் சிறிய கோப்பு சில்லின் உள் நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. அங்குள்ள இடம் நூறு கிலோபைட்டைச் சற்றே விஞ்சும் அளவினது. ஆதலால் பெரிய நிரலுக்கு அங்கு இடமில்லை. வெளியிலுள்ள 512 மெகாபைட் நினைவகத்தைப் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொணர்வதே இச்சிறு நிரலின் தலையாய பணி.

மூன்றாவதாக, அவ்வாறு திறக்கப்பட்ட பெரு நினைவகத்தில் யூ-பூட் என்னும் முழுமையான பூட்லோடர் ஏற்றப்படுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் டெங்க் வளர்த்த பிபிசிபூட் என்னும் நிரலே 2002ஆம் ஆண்டில் யூ-பூட் என்று பெயர் பெற்றது. பலகையிலுள்ள சிறு ஈஈப்ராம் சில்லில் எழுதப்பட்டிருக்கும் பெயரைப் படித்து, தான் எப்பலகையில் ஓடுகிறது என்பதை யூ-பூட் அறிகிறது. அதற்குரிய சாதன மரக் கோப்பைத் தேர்ந்தெடுக்கிறது.

நான்காவதாக, கெர்னல் ஒரு முகவரியிலும் சாதன மரம் மற்றொரு முகவரியிலும் வைக்கப்பட்டு, கெர்னலிடம் ஆட்சி ஒப்படைக்கப்படுகிறது. மரம் வைக்கப்பட்ட முகவரி, செயலியின் ஒரு குறிப்பிட்ட பதிவகத்தில் இடப்படும். 32 பிட் ஏஆர்எம் செயலியில் அது ஆர்2 பதிவகம். 64 பிட் ஏஆர்எம்மில் எக்ஸ்0. ரிஸ்க்-ஃபைவ் செயலியில் ஏ1. வாசல் திறந்து உள்ளே வரும் கெர்னலுக்குக் கையில் கொடுக்கப்படும் சீட்டு இதுவே.

மௌனம் எந்த இடத்தில் விழுகிறது?

பலகை எழவில்லை எனில், அனுபவம் இல்லாதார் அட்டையை மீண்டும் மீண்டும் எழுதிப் பார்ப்பர். பின்னர் பலகை பழுது என்று ஒதுக்குவர். முறை அறிந்தோர் முதலில் செய்வது, தொடர் வாயிலில் ஒரு கம்பி இணைத்துப் பலகை பேசுவதைக் கேட்பதேயாகும். 3.3 வோல்ட் அளவில் இயங்கும் யூஎஸ்பி தொடர் கம்பி ஒன்று போதும். நிலம், அனுப்பி, வாங்கி ஆகிய மூன்று இழைகளை மட்டும் இணைத்து, நொடிக்கு 1,15,200 பிட் என்னும் வேகத்தில் கேட்டல் வேண்டும். ஐந்து வோல்ட் கம்பியை இணைத்தல் ஆகாது. சில்லுக்குக் கேடு விளையும்.

கேட்டவுடன் நோக்க வேண்டியது, மௌனம் எந்தப் படியில் விழுந்தது என்பதே. திரையில் ‘சி’ என்னும் எழுத்து மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றினால், பொறித்த நிரல் உயிருடன் உள்ளது. ஆனால் அதற்குத் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை, எனவே தொடர் வாயில் வழியே கோப்பை அனுப்புமாறு வேண்டுகிறது என்பது பொருள். பலகை நலமாக உள்ளது என்பதற்கு அதுவே சான்று. குறை அட்டையில் உள்ளது. எம்எல்ஓவின் முதல் வரி தோன்றி, அதன்பின் ஒன்றும் வாராவிடின், நினைவகத்தைத் திறக்கும் இடத்திலோ அடுத்த கோப்பை எடுக்கும் இடத்திலோ தடை நேர்ந்துள்ளது. யூ-பூட் பேசி முடித்து, ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்னும் சொற்களைக் கூறியபின் மௌனம் விழுந்தால், ஐயம் பெரும்பாலும் சாதன மரத்தின்மேல் செல்லவேண்டும்.

கம்பி இல்லாதபோதும் சில பலகைகள் குறிப்புக் காட்டும். ராஸ்பெர்ரி பை பலகையில் பச்சை விளக்கு நான்கு முறை குறுகிச் சிமிட்டினால், தொடக்கக் கோப்பு அகப்படவில்லை. ஏழு முறை சிமிட்டினால், கெர்னல் கோப்பு அகப்படவில்லை. பழைய பை பலகைக்கு எழுதிய அட்டையைப் பை 4 பலகையில் செருகினால் எழாமல் போவதுண்டு. பை 4 தனக்கென வேறு தொடக்கக் கோப்பை நாடுவதே காரணம். அட்டையை உரிய புதிய பதிப்பால் எழுதினால் குறை நீங்கும்.

பொருத்தமின்மையின் வகைகள்

முதல் வகை, பழைய பூட்லோடர் புதிய கெர்னலை எழுப்ப முயல்வது. பீகிள்போன் பிளாக்கில் இது மிகவும் இயல்பாக நேர்கிறது. புதிய அட்டையைச் செருகிய மாணவர், அட்டையிலிருந்தே எல்லாம் தொடங்குவதாக எண்ணுகிறார். உண்மையில், மேலே கூறிய தேடல் வரிசைப்படி, இஎம்எம்சியில் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட யூ-பூட் முந்திக்கொள்கிறது. அது அட்டையிலுள்ள புதிய கோப்புகளைப் பழைய வழக்கப்படி ஏற்ற முயல்கிறது. கோப்புகளின் இடமும் பெயரும் மாறியிருத்தலின் முயற்சி தோல்வியுறுகிறது. இதற்குத் தீர்வு எளிது. பலகையிலுள்ள எஸ்2 என்னும் பொத்தானை அழுத்தியவாறே மின்னோட்டம் செலுத்தினால், இஎம்எம்சி விலக்கப்பட்டு அட்டை முன்னுரிமை பெறும். இப்பொத்தானின் நிலை மின்னோட்டம் பாயும் கணத்தில் மட்டுமே நோக்கப்படும். மறுதொடக்கப் பொத்தானை அழுத்துவதால் பயன் விளையாது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் வகை, அயல் பலகையின் மரம் கொடுக்கப்படுவது. பீகிள்போன் பிளாக்கிற்கு முன்னர், 2011ஆம் ஆண்டில், வெள்ளை நிறப் பீகிள்போன் வெளிவந்தது. இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. ஒன்றின் மரத்தை மற்றொன்றிற்குக் கொடுத்தாலும் கெர்னல் ஓரளவு எழக்கூடும். ஆனால் வெள்ளைப் பலகையில் இஎம்எம்சியும் எச்டிஎம்ஐ வாயிலும் இல்லாமையால், கறுப்புப் பலகையில் அவை கண்ணுக்கு மறைந்துவிடும். இதனினும் கவலைக்குரிய வேறுபாடு ஒன்று உண்டு. மின்வழங்கிச் சில்லின் மூன்றாம் சீராக்கி கறுப்புப் பலகையில் 1.8 வோல்ட்டில் நிலையாக நிற்குமாறு அதன் மரம் விதிக்கிறது. வெள்ளைப் பலகையின் மரமோ அதனை 3.3 வோல்ட் வரை உயர இடமளிக்கிறது. ஆதலால் சாதன மரம் வெறும் பெயர்ப் பட்டியலன்று. எக்கம்பியில் எவ்வளவு மின்னழுத்தம் பாயலாம் என்பதற்கு ஆணையும் அதுவே. அயல் ஏட்டைக் கையில் கொடுப்பது உறுப்புகளுக்கே தீங்காக முடியக்கூடும்.

மூன்றாம் வகை, அடையாளமின்மை. பலகையின் ஈஈப்ராம் வெறுமையாக இருந்தாலும், அதில் எழுதிய பெயர் சிதைந்திருந்தாலும், பூட்லோடர் தான் நிற்கும் ஊரின் பெயரை அறியாது. எந்த அடங்கலை எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிடும். ஆய்வுக்கூடங்களில் தாமே பலகை வடிவமைப்போர் இதனை அடிக்கடி எதிர்கொள்வர்.

நான்காம் வகை, இட நெருக்கடி. ஏஎம்335எக்ஸ் பலகைகளில் யூ-பூட் வழக்கமாகக் கெர்னலை வைக்கும் முகவரிக்கும் மரத்தை வைக்கும் முகவரிக்கும் இடையே 96 மெகாபைட் இடைவெளி உண்டு. மரத்திற்கும் அதனை அடுத்துவரும் தொடக்க வட்டுக் கோப்பிற்கும் இடையே 512 கிலோபைட் மட்டுமே. இவ்வெண்களை அறியாது மாற்றினால், விரியும் கெர்னலோ ஏற்றப்படும் வட்டுக் கோப்போ மரத்தின்மேல் எழுதிவிடும். மரத்தின் தலைப்பில் ஓர் அடையாள எண் உண்டு. பதினாறடிமான முறையில் அதனை எழுதினால், ஆங்கில எழுத்துகளில் ‘டூட் ஃபீட்’ என்று ஒலிப்பது போலிருக்கும். அவ்வெண் அழிந்திருப்பின், இது மரமன்று என்று பூட்லோடரோ கெர்னலோ மறுத்துவிடும்.

ஐந்தாம் வகை, கெர்னலும் மரமும் வேறு வேறு பதிப்பினவாக இருத்தல். கெர்னலைப் புதுப்பித்து மரத்தைப் பழையதாகவே விட்டால், குலப்பெயர்கள் பொருந்தாமல் சில உறுப்புகள் மட்டும் செயலிழக்கும். பேசுவதற்குரிய தொடர் வாயிலின் பெயர் மாறிவிட்டால், கணினி உள்ளூர ஓடிக்கொண்டிருந்தும் திரையில் ஒரு சொல்லும் வாராது. அட்டைகளின் வரிசை எண் மாறிவிட்டால், வேர்க் கோப்பகத்தை எதிர்நோக்கிக் கெர்னல் முடிவின்றிக் காத்திருக்கும். பின்னதற்கு, வரிசை எண்ணைக் குறிப்பிடாமல் பகுதியின் தனி அடையாளத்தைக் குறிப்பிடுவதே நிலையான மருந்து.

ஆராயும் முறை

வகைகளை அறிந்தபின், ஆராய்ச்சியை ஒழுங்காக நடத்தலாம். முதலாவதாக, யூ-பூட் கூறும் முதல் வரியில் அதன் பதிப்பும் அது தொகுக்கப்பட்ட நாளும் இருக்கும். நாம் எழுதிய அட்டைக்கு முந்தைய நாள் அங்கே தென்பட்டால், வேறு பூட்லோடர் முந்திக்கொண்டது என்பது உறுதி. இரண்டாவதாக, எண்ணிக்கை முடிவதற்குள் விசையொன்றை அழுத்தி யூ-பூட்டை நிறுத்தி, ‘பிரிண்ட்என்வி’ என்னும் கட்டளையால் எந்த மரக் கோப்புத் தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் காணல் வேண்டும். மூன்றாவதாக, ‘எஃப்டிடி’ என்னும் கட்டளையால் நினைவகத்திலுள்ள மரத்தையே படித்து, அதன் தலைப்பில் உள்ள மாதிரிப் பெயர் நம் பலகையின் பெயர்தானா என ஒப்பிடல் வேண்டும். நான்காவதாக, கெர்னல் மௌனமாயின், ‘ஏர்லிகான்’ என்னும் சொல்லைத் தொடக்க வரியில் சேர்த்தால், உரிய ஆதரவு கெர்னலில் இருக்குமளவில், இயக்கிகள் அமரும் முன்னரே அது பேசத் தொடங்கும். ஐந்தாவதாக, கணினி ஓரளவு எழுந்துவிட்டால், ‘ப்ராக்’ கோப்பகத்தின் கீழ் ‘டிவைஸ்-ட்ரீ’ என்னும் கிளையில் கெர்னல் உண்மையாகப் பெற்ற மரம் முழுவதும் விரிந்து கிடக்கும். நாம் கொடுத்ததாக எண்ணிய மரமும் அது பெற்ற மரமும் ஒன்றா என்பதை அங்கே ஐயமறத் தெளியலாம்.

இவ்வளவிலும் கைக்கொள்ள வேண்டிய நெறி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்து வைத்து, விளைவைக் கேட்டல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றிப் பலகை எழுந்துவிட்டால், எழுந்த மகிழ்ச்சியன்றி அறிவு எதுவும் மிஞ்சாது.

நம் நாட்டிற்கு இதனால் என்ன?

2018ஆம் ஆண்டில் சென்னை ஐஐடியின் ‘சக்தி’ திட்டத்தில் உருவான ரிஸ்க்-ஃபைவ் செயலி, அமெரிக்காவில் 22 நானோமீட்டர் முறையில் ஆக்கப்பட்டு, லினக்ஸை எழுப்பிக் காட்டியது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதே வழியில் வந்த ‘ஐரிஸ்’ என்னும் விண்வெளிக் கட்டுப்பாட்டுச் சில்லு, மொகாலியில் ஆக்கப்பட்டுச் சென்னையில் வெற்றியுடன் தொடங்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் ‘வேகா’ என்னும் செயலி வரிசையை வளர்த்து வருகிறது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டிர்-ஃபைவ் திட்டம் இம்முயற்சிகளை ஒருமுகப்படுத்துகிறது.

எல்லாச் செயலிகளும் லினக்ஸ் ஓட்டுவதற்கு உரியன அல்ல. துவாரகாவில் அளிக்கப்பட்ட விக்ரம் செயலியின் பணி வேறு. ஆயினும் லினக்ஸ் ஓட்டக் கருதிய ஒவ்வொரு புதிய இந்தியப் பலகைக்கும், அதன் சாதன மரத்தை முதன்முதலாக ஒருவர் எழுதியாக வேண்டும். அயல்நாட்டுப் பலகையை விலைக்கு வாங்கும்போது அவ்வேடும் உடன்வருகிறது. சொந்தப் பலகைக்கோ அதனை நாமே எழுதவேண்டும். எழுதுவதோடு அமையாமல், பொதுத் தொகுப்பில் சேர்த்து, கெர்னல் வளரும் தோறும் திருத்திவருதலும் வேண்டும். இல்லையேல், சில்லு நன்றாக இருந்தும் ஐந்தாண்டிற்குப் பின் அதனை எழுப்புவார் இரார்.

ஆகவே, இன்று ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஊமையாகக் கிடக்கும் பலகையைக் குப்பையில் சேர்க்குமுன், மூன்று இழைக் கம்பி ஒன்றை இணைத்து அது சொல்வதைக் கேட்க மாணவரைப் பழக்குதல் ஆசிரியர்தம் கடமையாகும். அவ்வாறு கேட்டுப் பழகிய செவிகளே நாளை நம் நாட்டுச் சில்லு முதன்முறை கூறும் சொல்லையும் புரிந்துகொள்ளும்.